உங்களுக்குத் தெரியுமா? கூமாப்பட்டிப் பயிர்களும் பாக்டீரியாவின் சுவரும்

வத்திராயிருப்பைத் தாண்டி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பிளவக்கல் அணைக்குப் பக்கத்தில் நெல் வயலும் தென்னந்தோப்பும் மாந்தோப்புமாக இருக்கிற ஊர் கூமாப்பட்டி. 2025 ஜூனில் ஒரு இன்ஸ்டாகிராம் ரீல் இந்தப் பெயரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. வந்தவர்கள் பச்சையைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். அந்தப் பச்சைக்குள் இரவும் பகலும் நடக்கிற ஒரு வேலை படத்தில் விழாது: பயிர் தன்மேல் வந்து உட்காரும் பாக்டீரியாவைத் தொட்டுப் பார்த்து யாரென்று தெரிந்துகொள்வது. இதில் பெரும்பங்கு வகிக்கும் புரதங்களுக்கு லெக்டின் என்று பெயர். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து வயலிலும் அடுப்படியிலும் புழங்கும் விதைகளை வைத்தே அந்தக் கதையைச் சொல்லிவிடலாம்.

✦ பாக்டீரியாவின் செல் சுவருக்கு அடிப்படைப் பொருள் பெப்டிடோகிளைக்கான். என்-அசிட்டைல் குளுக்கோசமைன், என்-அசிட்டைல் முராமிக் அமிலம் என்ற இரண்டு சர்க்கரைகள் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்த நீண்ட இழைகள். இழைக்கும் இழைக்கும் குறுக்கே அமினோ அமிலங்களால் ஆன சிறு பிணைப்புகள். முராமிக் அமிலத்தை நெற்பயிர் தயாரிப்பதில்லை. நம் உடம்பும் தயாரிப்பதில்லை. ஆகவே அது எங்கே தட்டுப்பட்டாலும் பக்கத்தில் பாக்டீரியா இருக்கிறது என்று பொருள்.

✦ லெக்டின் சர்க்கரையை வெட்டாது, மாற்றாது, பிடிக்கும், அவ்வளவுதான். அதன் மேற்பரப்பில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். பொருத்தமான சர்க்கரை அதில் வந்து அமர்ந்தால் ஹைட்ரஜன் பிணைப்புகள் இரண்டையும் சேர்த்து வைக்கும். ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்கள் விரலால் தடவியே ரகத்தைச் சொல்வதுபோல, லெக்டினும் தொட்டவுடன் தெரிந்துகொள்ளும்: இது மன்னோஸ், இது காலக்டோஸ். சில சர்க்கரைகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் ஒரே ஒரு ஹைட்ராக்சில் தொகுதி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதாகக்கூட இருக்கும். அதையும் அது தவறவிடாது.

ஒரு பள்ளத்தின் பிடி பலவீனமானது, சட்டென்று விட்டுப்போகும். அதனால்தான் பெரும்பாலான லெக்டின்களுக்கு இரண்டோ நான்கோ பள்ளங்கள் இருக்கின்றன. ஒரு பள்ளம் ஒரு செல்லையும் இன்னொரு பள்ளம் அடுத்த செல்லையும் பிடிக்க, தனித்தனியாக மிதந்தவை திரள் திரளாகக் கட்டிக்கொள்ளும். ஆய்வகத்தில் லெக்டின் வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் இந்தக் கட்டிகளை வைத்துத்தான்.

✦ வேலியோரம் படர்ந்து கிடக்கும் தம்பட்டங்காய்க்கு உறவுக்காரச் செடி ஒன்று மேல்நாட்டு ஆய்வகங்களில் பெரும் புகழ் பெற்றிருக்கிறது. அதன் விதையிலிருந்து 1919-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் சம்னர் ஒரு புரதத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். பதினேழு வயதில் வேட்டை விபத்தில் இடக்கையை இழந்தவர் அவர். இடக்கைப் பழக்கம் உள்ளவராக இருந்தும் ஒரே கையோடு வேதியியல் ஆய்வில் இறங்கினார். அவர் தேடிக்கொண்டிருந்தது யூரியேஸ் என்ற நொதியை. அது 1926-இல் கிடைத்தது. உலகில் முதன்முதலாகப் படிகமாக்கப்பட்ட நொதி அதுதான். 1946-இல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் வழியில் தற்செயலாகக் கைக்கு வந்த அந்த முதல் புரதம், கன்கனவாலின் ஏ, லெக்டின் ஆராய்ச்சியின் முதுகெலும்பாகவே ஆகிவிட்டது.

1936-இல் சம்னரும் ஹோவெல்லும் இதைச் சிவப்பணுக்களோடு கலந்தபோது அணுக்கள் திரண்டன. ஈஸ்ட் செல்களும் திரண்டன. பிறகு அதே கலவையில் நாம் டீயில் போடும் அதே சீனியைக் கரைத்துப் பார்த்தார்கள். சிவப்பணுக்கள் திரள்வது நின்றுபோனது. லெக்டினின் பள்ளங்களைச் சீனி அடைத்துக்கொண்டதால் செல்லைப் பிடிக்க அவற்றில் இடம் இல்லை. லெக்டின் பிடிப்பது சர்க்கரையைத்தான் என்பதற்குக் கிடைத்த முதல் சான்று இது. இன்றும் எந்த லெக்டின் எதைப் பிடிக்கிறது என்று சோதிக்க இதே முறைதான்: ஒவ்வொரு சர்க்கரையாகச் சேர்த்துப் பார், எதைச் சேர்த்தால் கட்டி உடைகிறது என்று கவனி.

✦ பாக்டீரியாவின் சுவரில் இதே லெக்டின் எங்கே பிடிக்கிறது? அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் டாயிலும் பேர்ட்செல்லும் 1972-இல் விடை சொன்னார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது மண்ணில் சர்வசாதாரணமாக வாழும் பேசில்லஸ் சப்டிலிஸ். அதன் சுவரில் பெப்டிடோகிளைக்கானோடு டெய்க்கோயிக் அமிலம் என்ற நீண்ட சங்கிலிகளும் உண்டு. அந்தச் சங்கிலியில் ஆங்காங்கே குளுக்கோஸ் தொங்கிக்கொண்டிருக்கும். கன்கனவாலின் ஏ பிடித்தது அந்தக் குளுக்கோஸை. குளுக்கோஸ் இல்லாத சுவரில் அதற்குப் பிடிமானம் கிடைக்கவில்லை.

✦ மாட்டுக்கு வரும் அடைப்பான் நோயைக் கால்நடை வைத்திருக்கிற எந்த வீட்டுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு மண்ணில் ஏராளமான ஒன்றுவிட்ட சகோதரர்கள். பார்த்தால் வித்தியாசம் சொல்வது கடினம். டாயில் இடம்பெற்ற ஒரு குழு 1984-இல் அவற்றை லெக்டின்களால் பிரித்துக் காட்டியது. அதில் முக்கியமான ஒன்று சோயா விதையின் லெக்டின். அடைப்பான் பாக்டீரியாவின் சுவர்ச் சர்க்கரையில் காலக்டோஸ் நிறைய. சோயா லெக்டின் தேடுவதும் அந்த இனத்துச் சர்க்கரையைத்தான்.

✦ டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் சொன்ன சாயச் சோதனை இன்றும் ஒவ்வொரு மருத்துவமனை ஆய்வகத்திலும் நடக்கிறது. பாக்டீரியாவைக் கிராம் பாசிட்டிவ், கிராம் நெகட்டிவ் என்று இரண்டாகப் பிரிப்பது அது. 1990-இல் இதற்கு மாற்றாக இன்னொரு வழியும் வெளியானது: ஒளிரும் சாயம் ஏற்றிய கோதுமை முளைக்கரு லெக்டின். கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவுக்கு வெளியே தடித்த பெப்டிடோகிளைக்கான் சுவர் திறந்தே இருப்பதால், லெக்டின் அதிலுள்ள என்-அசிட்டைல் குளுக்கோசமைனைப் பற்றிக்கொண்டு ஒளிரும். கிராம் நெகட்டிவில் சுவர் மெல்லியது. அதுவும் ஒரு வெளிச்சவ்வுக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. லெக்டினால் நுழைய முடியாது. ஒளி வராது.

கோதுமைக்கு மட்டும் உள்ள சொத்து என்று நினைக்க வேண்டாம். நெல்லின் முளைக்கருவிலும் இதற்கு நெருங்கிய உறவான லெக்டின் இருக்கிறது. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் பகுதி அது. கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் மரத்தின் பாலில் இருக்கும் ஹெவீன் என்ற குட்டிப் புரதமும் இதே குடும்பம்தான். வெறும் 43 அமினோ அமிலங்கள். ரப்பர் கையுறை சிலருக்கு ஒவ்வாமை தருவதில் இதற்கும் பெரிய பங்கு உண்டு.

✦ பூஞ்சையின் சுவர் கைட்டினால் ஆனது. கைட்டின் என்பது என்-அசிட்டைல் குளுக்கோசமைன் மட்டுமே கோத்த சங்கிலி. பாக்டீரியாவின் சுவரிலும் இதே சர்க்கரைதான் ஒன்றுவிட்டு ஒன்றாக வருகிறது. ஆகவே பூஞ்சைக்காக வைத்திருக்கும் பிடியைக் கொண்டே செடி சில நேரம் பாக்டீரியாவையும் பிடித்துவிடுகிறது.

✦ நெல்லின் இலை நுனியிலிருந்து ஓரமாக, அலையலையாகக் காய்ந்துகொண்டே இறங்கினால் பாக்டீரியா இலைக்கருகலாக இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். வயல் வரப்பிலேயே செய்துபார்க்க ஒரு சோதனை உண்டு. நோய் பட்ட இலையை, பச்சையும் காய்ந்ததும் சேருகிற இடத்தில் குறுக்கே வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் வெட்டுமுனை கீழே இருக்கும்படி நிறுத்த வேண்டும். கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போல ஒரு கீற்று நூலாக இறங்கும். அது முழுக்க சாந்தோமோனாஸ் பாக்டீரியாக்கள். இலையின் நீர்க்குழாய்களை அடைத்துக்கொண்டு வாழ்ந்தவை.

இது கிராம் நெகட்டிவ் பாக்டீரியா. சுவர் வெளிச்சவ்வுக்குள் இருக்கிறது என்றால் நெல் அதை எப்படித் தொடும்? பாக்டீரியா வளரும்போதும் இரண்டாகப் பிரியும்போதும் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டித் திறந்து திரும்பக் கட்டுகிறது. அப்போது சிதறும் துணுக்குகளே நெல்லுக்குப் போதும். சீனாவின் குவாங்சோ நகரத்து சுன் யாட்சென் பல்கலைக்கழகத்தார் 2012-இல் நெல்லின் செல் பரப்பில் எல்ஒய்பி4, எல்ஒய்பி6 என்ற இரண்டு புரதங்களைக் காட்டினார்கள். லைசின் மோட்டிஃப் என்ற சர்க்கரை பிடிக்கும் பகுதியைக் கொண்டவை இவை. பெப்டிடோகிளைக்கான் துணுக்கையும் இவை பிடிக்கின்றன, பூஞ்சையின் கைட்டின் துணுக்கையும் பிடிக்கின்றன. பிடித்ததும் செல்லுக்குள் எச்சரிக்கை போகிறது; எதிர்ப்பு வேலைகள் தொடங்குகின்றன. இந்தப் புரதங்களைக் குறைத்து வளர்த்த நெல், இலைக்கருகல் பாக்டீரியாவுக்கும் எளிதாக இரையானது, குலைநோய்ப் பூஞ்சைக்கும் எளிதாக இரையானது.

இன்னொரு சிறு செடியில், அராபிடாப்சிஸில், ஒரு படி மேலே போய்ப் பார்த்திருக்கிறார்கள். பாக்டீரியா தானாகச் சிதறவிடும்வரை அந்தச் செடி காத்திருப்பதில்லை. தானே ஒரு நொதியை அனுப்பிச் சுவரைத் துணுக்காக்கிக்கொள்கிறது என்று 2014-இல் தெரிய வந்தது. ரத்தமோ எதிர்ப்பணுக்களோ இல்லாத ஓர் உயிர், எதிரியின் சுவரைத் தானே பெயர்த்துப் பார்த்து அடையாளம் காண்கிறது. பயிரை நாம் இன்னும் எவ்வளவு குறைத்து மதிப்பிடுகிறோம்!

✦ உப்புத் தண்ணீர் ஏறிய நிலத்தில் நிற்கும் நெல், நல்ல நிலத்து நெல்லில் தென்படாத ஒரு லெக்டினைத் தயாரிக்கிறது. மன்னோஸைப் பிடிக்கும் அந்தப் புரதம் பலாக்கொட்டையில் உள்ள லெக்டினின் குடும்பத்தைச் சேர்ந்தது.

✦ கடலை போட்ட நிலத்தில் அடுத்த வெள்ளாமை நன்றாக வரும் என்று இந்தப் பக்கத்துச் சம்சாரிகள் சொல்வார்கள். காரணம் வேரில் இருக்கிறது. பூக்கும் பருவத்தில் ஒரு கடலைச் செடியை மண்ணோடு மெதுவாகப் பிடுங்கித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். பக்கவேர் கிளைக்கிற இடங்களில் கடுகைவிடச் சற்றே பெரிய முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்தின் சிவப்புக்கு உறவான ஒரு நிறமி அது. இளஞ்சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது; உள்ளே குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கிக்கொண்டிருக்கிறது. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது.

நோய் பாக்டீரியாவைத் துரத்துகிற அதே செடி இந்தப் பாக்டீரியாவை மட்டும் ஏன் வீட்டுக்குள் விடுகிறது? அதிலும் சோயாவுக்கு உரிய பாக்டீரியா பட்டாணிக்குள் போகாது, பட்டாணியின் பாக்டீரியா சோயாவுக்குள் போகாது. 1974-இல் போலூலும் ஷ்மிட்டும் சோயா விதை லெக்டினுக்கு ஒளிரும் சாயம் ஏற்றிச் சோதித்தார்கள். சோயாவில் முடிச்சுப் போடும் 25 பாக்டீரிய ரகங்களில் 22-ஐ அது பிடித்தது. மற்றப் பயறுகளுக்கு உரிய 23 ரகங்களில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. 1989-இல் நெதர்லாந்தின் லைடனில் இதைவிடத் துணிச்சலான சோதனை நடந்தது: பட்டாணியின் லெக்டின் மரபணுவை வெள்ளைக் குளோவர் என்ற தீவனச் செடியின் வேரில் வைத்தார்கள். அதுவரை குளோவரை எட்டிப் பார்க்காத பட்டாணிப் பாக்டீரியா அந்த வேரில் முடிச்சுப் போட்டது.

ஆனால் லெக்டின் மட்டும்தான் வாசற்காவல் என்று முடித்துவிட முடியவில்லை. 1990-இல் பாக்டீரியா செடிக்கு அனுப்பும் ரசாயனச் செய்தியே கண்டுபிடிக்கப்பட்டது. நாட் காரணி என்பார்கள். பொருத்தத்தைத் தீர்மானிப்பதில் அதற்கே முதலிடம் என்று இன்று தெரியும். அந்த நாட் காரணியின் முதுகெலும்பு எது என்று பார்த்தால் மறுபடியும் என்-அசிட்டைல் குளுக்கோசமைன். செடி அதைப் பிடிப்பதும் லைசின் மோட்டிஃப் கொண்ட புரதங்களால்தான். எதிரியையும் விருந்தாளியையும் ஒரே வகைச் சர்க்கரையை வைத்து, அதில் ஒட்டியிருக்கும் சிறு சிறு மாற்றங்களைப் பார்த்துப் பிரித்தறிகிறது கடலைக் குடும்பம். இந்தத் துணுக்குகளில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

✦ காணம் என்று நம் பக்கத்தில் சொல்லும் கொள்ளு, ரத்த வங்கியில் ஒரு சோதனைப் பொருள்! ஏ வகை ரத்தத்துக்குள்ளேயே ஏ1, ஏ2 என்ற பிரிவு உண்டு. காணப்பயற்றின் சாறு ஏ வகைச் சிவப்பணுவைத் திரட்டும் என்று ஜி. டபிள்யூ. ஜி. பேர்ட் 1951-இல் பெங்களூரிலிருந்து வரும் கரன்ட் சயின்ஸ் இதழில் எழுதினார். சாற்றைச் சரியான அளவுக்கு நீர்க்கவைத்தால் ஏ1 திரளும், ஏ2 திரளாது. கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு ரத்தம், பக்கத்தில் ஒரு சொட்டு லெக்டின்; குச்சியால் கலந்து சில்லை மெல்லச் சாய்த்தால் சிவப்பு நீர் சிறு சிறு குருணைகளாக உடைகிறது. ஏ1. சாய்த்துக்கொண்டே இருந்தும் வழவழவென்று ஓடினால் ஏ2. ரத்த வகை முடிவு குழப்பமாக வரும்போது ரத்த வங்கிகள் எடுக்கும் குப்பிக்குள் இருப்பது நாம் ரசம் வைக்கும் அதே காணத்தின் புரதம்.

✦ அதே பேர்ட் 1964-இல் நிலக்கடலையிலும் ஒரு லெக்டினைக் காட்டினார். இது ஆரோக்கியமான சிவப்பணுவைத் தொடாது. சில பாக்டீரியாக்கள் உடம்புக்குள் நியூரமினிடேஸ் என்ற நொதியை விட்டு, அணுவின் மேலுள்ள சியாலிக் அமிலத்தைச் சீவிவிடும். அடியில் மறைந்திருந்த சர்க்கரை வெளியே தெரியும்போது கடலை லெக்டின் ஓடிவந்து பிடிக்கும். பாக்டீரியா வந்துபோன தடத்தைக் கடலைப் பருப்பு கண்டுபிடிக்கிறது என்று சொல்லலாம்.

கடலை லெக்டினின் முப்பரிமாண வடிவத்தை 1994-இல் வெளியிட்டவர்கள் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயன், அவதேஷ சுரோலியா குழுவினர். நான்கு துண்டுகள் சேர்ந்த அந்தப் புரதம், நான்கு துண்டுகள் வழக்கமாக அமையும் ஒழுங்கில் அமையாமல் விஞ்ஞானிகளை வியக்க வைத்தது. 1996-இல் விஜயன் குழு பலாக்கொட்டையின் ஜக்கலினையும் படம் பிடித்தது. லெக்டின்களில் அதுவரை தெரியாத மடிப்பு அது. ஆக்ஸ்ஃபோர்டில் டோரதி ஹாட்ஜ்கினோடு இன்சுலின் வடிவத்தில் வேலை பார்த்துவிட்டு இந்தியா திரும்பியவர் விஜயன். நம் கடலையையும் பலாக்கொட்டையையும் உலகத் தரத்து ஆய்வுக்குப் பொருளாக்கியவர் என்பதற்காகவே பள்ளிப் பாடத்தில் அவர் பெயர் வர வேண்டும் என்பது என் கருத்து.

✦ ஜக்கலின் நம் எச்சிலிலும் கண்ணீரிலும் உள்ள ஐஜிஏ1 என்ற எதிர்ப்புரதத்தைத் தேடிப் பிடிக்கும். பிடிக்கும் இடம் அதன் மூட்டுப் பகுதிச் சர்க்கரை. நிமோனியா, மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் சில பாக்டீரியாக்கள் நம் பாதுகாப்பைக் குலைக்க வெட்டுவதும் அதே மூட்டைத்தான்.

✦ பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கிற குன்றிமணியில் கொடிய நஞ்சு இருக்கிறது. அந்த நஞ்சும் லெக்டின் வகைதான். 1882-இல் பாரிஸின் கண் மருத்துவர் லூயி டி வெக்கர் குன்றிமணி ஊறல் நீரைக் கண்நோய்க்குப் பயன்படுத்த ஆரம்பித்தார். போட்ட கண் பயங்கரமாக வீங்கியது. ஊறல் நீரில் பெருகும் பாக்டீரியாதான் காரணம் என்று ஐரோப்பாவில் ஒரு கட்சி வாதிட்டது. அது பாக்டீரியாக்கள் வரிசையாகக் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம். எந்த நோய்க்கும் அவற்றையே காரணம் காட்டத் தோன்றியது இயல்பு. 1884-இல் கல்கத்தாவிலிருந்து வார்டனும் வாடெலும் ஒரு நூல் வெளியிட்டார்கள்: நஞ்சு பாக்டீரியாவுடையது அன்று, விதையிலேயே உள்ள ஒரு புரதம். அதற்கு அப்ரின் என்ற பெயர் நிலைத்தது. பிள்ளையாரைக் கரைக்கும் முன் குன்றிமணியை எடுத்துக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். முழு விதையின் ஓடு கெட்டி; கடித்தாலோ துளையிட்டாலோதான் ஆபத்து வெளியே வரும்.

✦ லெக்டின் ஆராய்ச்சியின் பிறந்தநாள் என்று உலகம் வைத்துக்கொள்வது 1888. இன்றைய எஸ்டோனியாவில் உள்ள பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஹெர்மான் ஸ்டில்மார்க் ஆமணக்கு விதைப் புரதம் சிவப்பணுவைத் திரட்டுவதை முனைவர் பட்டத்துக்கு எழுதிய ஆண்டு அது.

✦ கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கத் தேற்றான் கொட்டையை உரசுவது நம் பழக்கம். சூடான் நாட்டு நைல் நதிக்கரையில் பெண்கள் அதே வேலைக்கு முருங்கை விதையை அரைத்துப் போட்டார்கள். முருங்கை விதையில் நேர்மின் ஏற்றமுள்ள புரதங்கள் இருக்கின்றன. எதிர்மின் ஏற்றமுள்ள மண் துகள்களையும் பாக்டீரியாக்களையும் சேர்த்துக் கட்டி அடியில் இறக்கிவிடுகின்றன. அவற்றோடு லெக்டின்களும் உண்டு. பிரேசில் ஆய்வாளர்கள் 2011-இல் முருங்கை விதை லெக்டின் தண்ணீரையும் தெளியவைக்கிறது, சில பாக்டீரியாக்களின் வளர்ச்சியையும் அடக்குகிறது என்று வெளியிட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு முருங்கை விதைப் பொடியை மருந்து என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். ஆய்வகத் தட்டில் பாக்டீரியா அடங்குவது ஒன்று. குடலுக்குள் செரிமானத்தைத் தாண்டி அதே வேலை நடப்பது வேறொன்று. தெளிந்த தண்ணீர் என்பதாலேயே அது கிருமியில்லாத தண்ணீரும் ஆகிவிடாது. தெளியவைத்த பிறகும் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும்.

✦ ராஜ்மா போன்ற சிவப்புப் பீன்ஸில் லெக்டின் மிக அதிகம். அரைகுறையாக வெந்த நான்கைந்து கொட்டை போதும், வாந்தியும் பேதியும் ஆளைப் படுத்திவிடும். பச்சைக் கொட்டையில் 20,000 முதல் 70,000 அலகு வரை இருக்கும் திரட்டும் சக்தி, நன்றாக வெந்தால் 200 முதல் 400-க்கு இறங்கிவிடும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். 10 நிமிடமே லெக்டினை அழிக்கும் என்றாலும் உறுதிக்கு 30 நிமிடம் என்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். 80 டிகிரியில் மெதுவாகச் சூடாக்குவது பச்சையாகத் தின்பதைவிட மோசம். ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் குக்கரில் விசில் விடுகிற நம் வீட்டு முறையில் இந்தக் கவலைக்கு இடமில்லை. பயறே ஆகாது, லெக்டின் விஷம் என்று இப்போது பரவும் பேச்சு, வேகவைத்த பயறுக்குப் பொருந்தாது.

✦ அந்தச் சிவப்புப் பீன்ஸ் லெக்டின் குடலில் என்ன செய்கிறது? ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஆர்பாட் பூஸ்டாய் அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சிறுகுடலில் ஈ. கோலை பாக்டீரியா எக்கச்சக்கமாகப் பெருகியது. ஸ்னோடிராப் என்ற குளிர்நாட்டுப் பூச்செடியின் லெக்டினையும் கூடவே கொடுத்தபோது பெருக்கம் அடங்கியது என்று 1993-இல் அவர் குழு எழுதியது. இரண்டுமே செடி லெக்டின்கள்தான். ஒன்று பாக்டீரியாவுக்கு இடம் கொடுக்கிறது. மன்னோஸைப் பிடிக்கும் மற்றது அந்த இடத்தை மறித்துவிடுகிறது.

✦ செடி லெக்டின் பூச்சியையும் மறிக்கும். ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பூண்டு இலை லெக்டினின் மரபணுவை நெல்லில் வைத்தபோது புகையானும் பச்சைத் தத்துப்பூச்சியும் அந்தப் பயிரில் தாக்குப்பிடிக்கவில்லை. 2008-இல் வெளியான செய்தி இது. ஆய்வுக்கூடத்து நெல், வயலுக்கு வரவில்லை.

✦ செடியிடம் மட்டும் லெக்டின் இருக்கிறது என்று நினைத்தால் பாக்டீரியா சிரிக்கும். 1977-இல் இஸ்ரேலின் ஓஃபெக், மிரெல்மன், ஷரோன் மூவரும் காட்டியது இது: ஈ. கோலை நம் செல்லின் மன்னோஸைப் பிடித்துத்தான் ஒட்டுகிறது. பாக்டீரியாவின் உடலிலிருந்து நீளும் மயிர் போன்ற இழைகளின் நுனியில் அதற்கென்று ஒரு லெக்டினே இருக்கிறது. சிறுநீர்ப் பாதைத் தொற்றில் கிருமி அடித்துக்கொண்டு போகாமல் நிற்பது இந்தப் பிடியால்.

நம் உடம்பும் சும்மா இல்லை. 2006-இல் அமெரிக்காவின் டாலஸில் லோரா ஹூப்பர் குழு, குடலின் உட்சுவர் சுரக்கும் ஒரு லெக்டின் பாக்டீரியாவின் பெப்டிடோகிளைக்கானைப் பிடித்துக் கிராம் பாசிட்டிவ் வகைகளைக் கொல்வதைக் கண்டது. குடலில் பாக்டீரியா இல்லாமல் வளர்த்த எலிகளில் அந்தப் புரதம் மிகக் குறைவு. பாக்டீரியா குடியேறிய பிறகுதான் சுரப்பு ஏறியது.